ஐந்து வகுப்புக்கு ஐந்து ஆசிரியர்

ஏழை வீட்டுப் பிள்ளையும் வசதியுள்ள வீட்டுப் பிள்ளையும் ஒரே வகுப்பறையில் அருகருகே உட்கார்ந்து படிக்க வேண்டும் என்னும் உயர்ந்த நோக்கத்தோடு 2009-ஆம் ஆண்டில் பாராளுமன்றம் இயற்றி, மறு ஆண்டு ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், உதவி பெறாத தனியார் பள்ளிகள் தங்கள் நுழைவு வகுப்பில் 25 சதவீத இடங்களை நலிந்த பிரிவுக் குழந்தைகளுக்கு ஒதுக்க வேண்டும் என்றும், அக்குழந்தைகளுக்குரிய கட்டணத்தைச் சர்க்கார் ஈடு செய்ய வேண்டும் என்றும் விதித்தது. அந்த ஏற்பாடு 2025-இல் நம் மாநிலத்தில் என்ன கதிக்கு ஆளாயிற்று என்பதைப் பெற்றோர் மறந்திருக்க மாட்டார்கள். தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டிய பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்டத்துக்கான ஒப்பந்தத்தில் தமிழகம் கையொப்பமிடவில்லை என்பதைக் காரணமாக்கி, ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கீழ் வர வேண்டிய ஏறத்தாழ 2,152 கோடி ரூபாயை மத்திய சர்க்கார் நிறுத்தி வைத்தது. மாநில சர்க்கார் உச்ச நீதிமன்றத்தை நாடிற்று. அந்தத் தொகையில் கல்வி உரிமைச் சட்டத்துக்குரிய பங்கை அந்த ஒப்பந்தத்தோடு பிணைக்க வேண்டியதில்லை என்று ஜூன் மாதம் சென்னை உயர் நீதிமன்றம் கூறிற்று. ஆயினும் பள்ளிகள் திறந்து நான்கு மாதங்கள் கழிந்து அக்டோபரில்தான் அந்த ஆண்டுக்கான சேர்க்கை நடவடிக்கை தொடங்கிற்று.

இந்த வழக்கில் நியாயம் மாநிலத்தின் பக்கமே இருக்கிறது என்பது என் திடமான அபிப்பிராயம். குழந்தைகளின் படிப்புக்கென்று ஒதுக்கப்பட்ட வரிப்பணத்தை, கொள்கை வேற்றுமையைத் தீர்த்துக்கொள்ளும் கருவியாகப் பயன்படுத்துவது எந்தக் கட்சி தில்லியில் ஆண்டாலும் தவறுதான். 1976-ஆம் ஆண்டின் 42-வது அரசியலமைப்புத் திருத்தம் கல்வியை மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்கு மாற்றியபோது அறிஞர் பலர் அஞ்சியது இதைத்தான். ஆனால், பணம் யார் தருவது என்ற இந்த வழக்கின் ஆரவாரத்தில், அதற்கு முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று யார் காதிலும் விழாமல் போய்விட்டது. காலைச் சிற்றுண்டியும் மதிய உணவும், பாடநூலும் நோட்டுப் புத்தகமும், சீருடையும் காலணியும் கொடுத்து, முறையான பயிற்சி பெற்றுத் தகுதித் தேர்வும் எழுதித் தேறிய ஆசிரியரையும் அமர்த்தி, தெருக்கோடியிலேயே சர்க்கார் ஒரு பள்ளியை நடத்தும்போது, நூறு நாள் வேலைக்குப் போய் ஜீவனம் நடத்தும் ஒரு தாய் அதைக் கடந்து, மூன்று மைலுக்கு அப்பால் உள்ள நர்சரிப் பள்ளியின் வேனில் தன் குழந்தையை ஏற்றிவிடுவதற்கு ஏன் ஆசைப்படுகிறாள்?

ஆங்கில மோகம் என்று நம்மில் பலர் சட்டென்று பதில் சொல்லிவிடுகிறோம். அந்த மோகம் இல்லை என்று நான் வாதிக்கப் போவதில்லை. ஆனால் 2012-ஐ ஒட்டிய ஆண்டுகளிலிருந்து அரசுப் பள்ளிகளிலும் ஆங்கில வழிப் பிரிவுகள் பரவலாகத் தொடங்கப்பட்டு, பலகையில் அவ்வாறே எழுதியும் வைக்கப்பட்டிருக்கிறதே, அதனால் வேன் நின்றுவிடவில்லையே என்று யோசித்தால் காரணம் வேறிடத்தில் இருப்பது புலப்படும். கிராமத்துத் தாய்மாரிடம் சாவகாசமாக உட்கார்ந்து பேசினால் அவர்கள் முதலில் சொல்வது ஆங்கிலத்தைப் பற்றி இல்லை. “அங்கே கிளாசுக்கு ஒரு மிஸ் இருக்காங்க, இங்கே அஞ்சு கிளாசுக்கும் ரெண்டே டீச்சர்தான்” என்பதே அவர்கள் சொல்வது. கல்வித் துறையின் அறிக்கைகள் பலவற்றைப் படித்தும் கிடைக்காத தெளிவு அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது.

வட மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் அத்தகைய இரண்டாசிரியர் பள்ளியில் ஒரு முற்பகல் முழுவதும் இருந்து பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. பிள்ளைகள் நாற்பதுக்குச் சற்று மேல். தலைமை ஆசிரியை வட்டாரக் கல்வி அலுவலகத்தில் ஏதோ கூட்டத்துக்குப் போயிருந்தார். மீதமிருந்த ஆசிரியை ஒருவரே. ஒன்று முதல் மூன்று வரை உள்ள வகுப்புகளின் பிள்ளைகளை, எண்ணும் எழுத்தும் திட்டத்தின்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துப் பாயில் வட்டமாக உட்கார வைத்துப் பயிற்சி நூலைத் திறக்கச் சொல்லிவிட்டு, நான்காம் வகுப்புக்குக் கரும்பலகையில் வகுத்தல் கணக்கு எழுதிப் போட்டு, ஐந்தாம் வகுப்பைத் தமிழ்ப் பாடத்தை வாய்விட்டுப் படிக்கச் சொல்லி, இடையே கைபேசியில் வருகைப் பதிவை ஏற்றி, சமையலம்மா வந்து முட்டைக் கணக்குக் கேட்டதற்கும் பதில் சொல்லி, அவர் ஓயாமல் நடந்துகொண்டே இருந்தார். நான்காம் வகுப்புப் பையன் ஒருவன் கணக்கைப் போட்டு முடித்து நோட்டை நீட்டியபடி அவர் பின்னாலேயே நெடுநேரம் சுற்றினான். கடைசியில் அந்த நோட்டை என்னிடம் காட்டினான். 7-ஆல் வகுத்துவிட்டு மீதி 9 என்று எழுதியிருந்தான். மீதி, வகுக்கும் எண்ணைவிடச் சிறியதாக இருக்க வேண்டும் என்பது அவனுக்கு யாரும் சொல்லிப் பிடிபடவில்லை. முந்தைய பக்கங்களைப் புரட்டினேன். அதே தவறு பல கணக்குகளில் இருந்தது. ஒவ்வொரு பக்கத்தின் கீழும் சிவப்பு மையில் சரி என்ற குறி இருந்தது. அந்த ஆசிரியையைக் குறை கூற எனக்கு நா எழவில்லை. அவர் பக்கத்துக்கு ஒரு குறி போட்டதே பெரிய காரியம்.

இது ஓர் ஊரின் துர்ப்பாக்கியம் மட்டுமாக இருந்தால் பத்திரிகையில் எழுத வேண்டியதில்லை. இதைச் சட்டமே அனுமதிக்கிறது என்பதுதான் விஷயம். குழந்தைகளின் உரிமைக்காக இயற்றப்பட்ட அதே 2009-ஆம் ஆண்டுச் சட்டத்தின் அட்டவணை, தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர், 61 முதல் 90 வரை மூவர், 91 முதல் 120 வரை நால்வர், அதற்கு மேல் போனால் ஐவர் என்று கணக்கு வைத்திருக்கிறது. முப்பது பிள்ளைக்கு ஓர் ஆசிரியர் என்ற அந்த விகிதம், பெரிய பள்ளிகளை மனத்தில் கொண்டு பார்த்தால் மிக நியாயமாகவே தோன்றும். ஆனால் 40 பிள்ளைகள் படிக்கும் பள்ளியிலும் வகுப்புகள் ஐந்துதான். தமிழ், ஆங்கிலம், கணக்கு முதலிய பாடங்களும் அத்தனையேதான். ஆசிரியரை விகிதத்தால் கணக்கிட்டுத் தரலாம். வகுப்பை விகிதத்தால் கணக்கிட்டுக் குறைக்க முடியாது. ஆக, ஒவ்வொரு வகுப்புக்கும் ஓர் ஆசிரியர் என்னும் சாமானியமான வசதி ஒரு கிராமத்துக்குக் கிடைக்க வேண்டுமானால், அங்கே முதலில் 121 பிள்ளைகள் சேர்ந்திருக்க வேண்டும். தமிழகத்தில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் மட்டும் ஏறத்தாழ 24 ஆயிரம். அவற்றுள் மிகப் பல, இரண்டாசிரியர் பள்ளிகளாகவே இருந்துகொண்டிருக்கின்றன என்பதைக் கிராமப்புறத்தில் பத்து நாள் சுற்றுகிற எவரும் கண்கூடாகக் காணலாம்.

அதன் பின் நடப்பது இயல்பாகவே நடக்கிறது. வகுப்புக்கு ஓர் ஆசிரியர் இல்லை என்பதால் நான்கு வீட்டுப் பிள்ளைகள் வேனில் ஏறுகிறார்கள். ஆகஸ்ட் 1-ஆம் தேதி நிலவரப்படி பணியாளர் நிர்ணயம் செய்யும்போது, மூன்று ஆசிரியர் இருந்த பள்ளியில் ஒருவர் உபரி என்று கணக்காகி, பணி நிரவலில் வேறு ஊருக்கு அனுப்பப்படுகிறார். மூவர் இருவராகவே, மறு ஆண்டு இன்னும் ஆறு வீட்டார் யோசிக்கத் தொடங்குகிறார்கள். பிள்ளைகள் குறைந்ததால் ஆசிரியர் குறைந்தார் என்று அலுவலகம் சொல்கிறது. ஆசிரியர் குறைந்ததால் பிள்ளையை எடுத்தோம் என்று ஊர் சொல்கிறது. இருவர் சொல்வதும் உண்மை. 2019-இல் ஒரு பிள்ளைகூடச் சேராத 46 அரசுப் பள்ளிகள் நூலகங்களாக மாற்றப்பட்டபோது அதைச் செய்தியாகப் படித்துவிட்டு மறந்தோம். அந்தப் பள்ளிகள் ஒரே நாளில் வெறிச்சோடியவை அல்ல.

இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது எல்.கே.ஜி. விஷயம். தனியார் பள்ளி குழந்தையை மூன்றரை வயதில் வாங்கிக்கொள்கிறது. அரசுப் பள்ளியோ ஐந்து நிறையும் வரை காத்திருக்கிறது. இடையில் அங்கன்வாடி இருக்கிறது என்பது மெய்தான்; அங்கே பாசமும் ஊட்டச்சத்தும் கிடைக்கின்றன; ஆனால் எழுத்தறிமுகத்துக்கென்று ஆசிரியர் இல்லை. 2019-இல் 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளைச் சர்க்கார் தொடங்கியபோது ஏழைப் பெற்றோர் எவ்வளவு ஆர்வத்தோடு பிள்ளைகளைக் கொண்டுவந்து சேர்த்தார்கள் என்பதை அங்கே பணிபுரிந்த ஆசிரியர்கள் இன்றும் சொல்வார்கள். நல்ல தொடக்கம் அது. ஆனால் மாநிலம் முழுவதும் வளரவில்லை. இதற்கிடையில், தனியார் பள்ளிகளில் 25 சதவீத ஒதுக்கீட்டுச் சேர்க்கை பெரும்பாலும் எல்.கே.ஜி.யில்தான் நடைபெறுகிறது. அதாவது, தன்னுடைய பள்ளிகளில் மிகப் பெரும்பாலானவற்றில் இல்லாத ஒரு வகுப்பைத் தனியார் பள்ளியிலிருந்து சர்க்கார் விலைக்கு வாங்கி, ஏழைக் குழந்தைக்குக் கொடுக்கிறது. ஒரு தடவை அங்கே போன குழந்தை, ஐந்து வயது நிறைந்ததும் திரும்பி வரும் என்று எதிர்பார்க்க நமக்கு என்ன நியாயம் இருக்கிறது?

தனியார் பள்ளிக்குப் போக விரும்பும் பெற்றோரின் உரிமையை மதிக்க வேண்டும், பணத்தைப் பள்ளிக்குத் தராமல் பிள்ளையின் கையில் கொடுத்து, அது எந்தப் பள்ளியை நாடுகிறதோ அந்தப் பள்ளிக்குப் போகச் செய்ய வேண்டும் என்று வாதிப்போர் உலகெங்கும் உண்டு. அமெரிக்கப் பொருளாதார மேதை மில்ட்டன் ஃபிரீட்மன் 1955-இல், கல்விச் சீட்டு எனப்படும் இந்த யோசனையை ஒரு கட்டுரையில் விளக்கினார். அந்நாட்டின் மில்வாக்கி நகரில் 1990-இல் ஏழைக் குடும்பங்களுக்கென்று இது நடைமுறைக்கு வந்தது. ஆனால் ஒரு தேசம் முழுவதையும் இந்த வழியில் நடத்திப் பார்த்தது தென்னமெரிக்காவின் சிலி. ராணுவ ஆட்சியின் கீழ் 1981-இல், பள்ளிகளை நகராட்சிகளிடம் ஒப்படைத்துவிட்டு, தலைக்கு இவ்வளவு என்று பிள்ளை போகும் பள்ளிக்கே மானியம் போகும்படி அங்கே செய்தார்கள். தனியார் பள்ளிகள் பெருகின. வசதியுள்ள குடும்பங்கள் நகராட்சிப் பள்ளிகளை விட்டுச் சென்றன. இந்த அனுபவத்தை ஆராய்ந்து, சியே, உர்கியோலா என்னும் இரு பொருளாதார அறிஞர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வு, தேசத்தின் சராசரிக் கல்வித் தரம் இந்த ஏற்பாட்டினால் உயர்ந்ததற்குச் சான்று இல்லை என்றும், நன்றாகப் படிக்கும் பிள்ளைகள் ஒரு பக்கமும் மற்றவர் ஒரு பக்கமுமாகப் பிரிந்ததே கண்ட பலன் என்றும் முடிவு கூறிற்று. அதே ஆண்டில் சீருடையணிந்த மாணவர் லட்சக்கணக்கில் தெருவுக்கு வந்து போராடினார்கள். மானியம் வாங்கும் பள்ளிகள் லாபம் பார்ப்பதையும், கட்டணம் வாங்குவதையும், பிள்ளைகளைப் பொறுக்கி எடுப்பதையும் படிப்படியாக ஒழிக்கும் சட்டம் 2015-இல் அந்நாட்டில் வந்தது.

அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை என்பவர்களுக்கு அண்டை மாநிலத்திலேயே அனுபவம் இருக்கிறது. ஒருங்கிணைந்த ஆந்திரப் பிரதேசத்துக் கிராமங்களில், கல்விச் சீட்டுக்கு விண்ணப்பித்த குடும்பங்களில் குலுக்கலில் வென்றவர் பிள்ளைகளையும் வெல்லாதவர் பிள்ளைகளையும் நான்கு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, கார்த்திக் முரளிதரன், வெங்கடேஷ் சுந்தரராமன் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் 2015-இல் வெளியிட்ட முடிவு இரு தரப்பாரும் ஊன்றிப் படிக்கத்தக்கது. தெலுங்கிலும் கணக்கிலும் இரு சாராருக்கும் வித்தியாசம் இல்லை. ஹிந்தியில் மட்டும் தனியார் பள்ளிப் பிள்ளைகள் தெளிவாக முன்னே இருந்தார்கள்; அது அரசுப் பள்ளியில் அந்த வகுப்புகளில் கற்பிக்கப்படாத பாடம். ஆனால் தனியார் பள்ளி ஒரு பிள்ளைக்குச் செலவழித்தது, அரசுப் பள்ளி செலவழித்ததில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. இந்தக் கடைசிச் செய்தியை எடுத்துக்கொண்டு, பார்த்தீர்களா, சிக்கனமாக அதே படிப்பைத் தருகிறார்கள் என்று சிலர் கூறுவார்கள். அந்தச் சிக்கனம், பெரும்பாலும் இளம் பெண்களாகிய ஆசிரியைகளுக்கு மிகக் குறைந்த சம்பளம் கொடுத்துச் செய்யப்படும் சிக்கனம் என்பதை மறக்கலாகாது. எனினும், அரசுப் பள்ளியை நேசிப்பவர்கள் அந்த ஆய்வில் கவனிக்க வேண்டியது வேறொன்று: அவ்வளவு குறைந்த சம்பளத்துக்கு, பயிற்சியும் குறைந்த ஓர் ஆசிரியை, அரசுப் பள்ளியின் படித்த ஆசிரியருக்கு ஈடாகப் பாடம் நடத்த முடிந்தது எப்படி? அங்கே வகுப்புக்கு ஒருவர் இருப்பது அதிகம். ஒரே ஆசிரியர் பல வகுப்புகளை ஒருசேர வைத்து நடத்துவது குறைவு. நம் கிராமத்துத் தாய் தன் கண்ணால் கண்டு சொன்னதும் அதுவே.

இனி, நம் 25 சதவீத ஏற்பாட்டில் பெற்றோருக்குக் கிடைக்கும் தெரிவு எத்தகையது என்று பார்ப்போம். பள்ளியிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் வீடு இருக்க வேண்டும். கொல்லிமலையிலும் ஜவ்வாது மலையிலும் உள்ள குக்கிராமத்தாருக்கு இதில் பங்கே இல்லை. ஒரு கிலோமீட்டருக்குள் தனியார் பள்ளி எங்கே இருக்கிறது? மற்ற ஊர்களில், இருக்கும் இடங்களுக்கு மேல் விண்ணப்பம் வந்தால் குலுக்கல். மே மாதத்து வெயிலில், பள்ளிக்கூடத்து மண்டபத்தில் தரையில் உட்கார்ந்து, மடித்த சீட்டுகள் ஒவ்வொன்றாக எடுக்கப்படுவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் பெற்றோரின் முகங்களை ஒரு தடவை கண்டவர்கள், பெற்றோர் பள்ளியைத் தெரிந்தெடுக்கிறார்கள் என்று சொல்லத் தயங்குவார்கள். இடம் கிடைத்தாலும் புத்தகம், சீருடை, வேன் என்று பணம் கேட்கப்படுவதாக முறையீடுகள் ஓய்வதில்லை. எல்லாம் சரியாக நடந்தாலும் சட்டத்தின் பாதுகாப்பு எட்டாம் வகுப்போடு முடிந்துவிடுகிறது. ஒன்பதாம் வகுப்பில் முழுக் கட்டணம் செலுத்த முடியாமல், பத்து வருஷம் பழகிய தோழர்களை விட்டுவிட்டுப் பதினான்கு வயதில் வேறு பள்ளி தேடும் பிள்ளையின் மனவேதனையை எந்தப் புள்ளிவிவரமும் எடுத்துக் காட்டாது.

இவ்வளவு சொன்னதால் அந்த ஒதுக்கீட்டை ஒழித்துவிட வேண்டும் என்பது என் கட்சி என்று யாரும் கருத வேண்டாம். அரசுப் பள்ளி அருகில் இருந்தால் தனியார் பள்ளியில் இந்த இடம் கிடையாது என்று கர்நாடகம் சில ஆண்டுகளுக்கு முன் விதியைத் திருத்திற்று; மகாராஷ்டிரம் 2024-இல் அவ்வாறே செய்தபோது பம்பாய் உயர் நீதிமன்றம் அந்தத் திருத்தத்தை ரத்துச் செய்தது. ரத்துச் செய்ததே சரி. தன் பள்ளியில் வகுப்புக்கு ஆசிரியர் தராத சர்க்கார், வேறு கதவையும் அடைத்துவிட்டு, வேறு வழியின்றி வந்து சேருங்கள் என்று ஏழையைப் பார்த்துச் சொல்வது தர்மமாகாது. நான் ஆட்சேபிப்பது, அந்த ஒதுக்கீட்டையே சீர்திருத்தம் என்று எண்ணித் திருப்தி அடைந்துவிடுவதைத்தான்.

அரசு ஆசிரியர்கள் நிறையச் சம்பளம் வாங்குகிறார்கள், ஆனால் வேலை செய்வதில்லை. அவர்களையே இன்னும் கூட்டி என்ன பிரயோஜனம் என்று கேட்போர் இருக்கிறார்கள். சிரத்தையில்லாத ஆசிரியர்கள் உண்டு. அவர்களைத் தட்டிக் கேட்க வேண்டிய மேற்பார்வை பலவீனமாக இருப்பதும் உண்டு. இவற்றை மறைப்பதால் பள்ளிக்கு நன்மை எதுவும் இல்லை. ஆனால் இரண்டாசிரியர் பள்ளியில் சிரத்தையுள்ளவரையும் இல்லாதவரையும் பிரித்தறிவதே துர்லபமாகி விடுகிறது. ஐந்து வகுப்பைச் சேர்த்து நடத்துபவரிடம், நான்காம் வகுப்புப் பிள்ளைக்கு ஏன் வகுத்தல் வரவில்லை என்று எந்த அதிகாரி எந்த முகத்தோடு கேட்பார்? வகுப்பு ஒருவருடையது என்று ஆனால்தான் அதன் பலாபலனுக்கு அவர் பொறுப்பாளி ஆகிறார். ஊராரும் பள்ளி மேலாண்மைக் குழுவில் எழுந்து நின்று அவரிடம் கணக்குக் கேட்க முடிகிறது.

காமராஜர் 1954-இல் முதலமைச்சரானபோது கல்வித் துறையின் பிரச்சினை பள்ளியே இல்லாத ஊர்கள். அவரும், கல்வி இயக்குநராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலுவும் அன்று கிராமம் கிராமமாக ஓராசிரியர் பள்ளிகளைத் திறந்ததற்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை. இருந்த பணத்தில் அதுவே பெரிய சாதனை. மதிய உணவைக் கொண்டுவந்தார்கள். பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் கூட்டி, கட்டடமும் பெஞ்சும் கடிகாரமும் ஊராரே கொடுக்கும்படி செய்தார்கள். பின்னால் 1982-இல் எம்.ஜி.ஆர். மதிய உணவைச் சத்துணவாக விரிவாக்கினார். 2022 செப்டம்பரில் மதுரையில் மு.க. ஸ்டாலின் காலைச் சிற்றுண்டியைத் தொடங்கினார். பசியால் பிள்ளை பள்ளிக்கு வராமல் நின்றுவிடும் நிலையைப் போக்குவதில் இந்த மாநிலம் இந்தியாவுக்கே வழிகாட்டி. ஆனால், வந்த பிள்ளைக்கு வகுப்பாசிரியர் என்று ஒருவர் வேண்டும் என்னும் அடுத்த படியை மட்டும் எழுபது வருஷமாக நாம் ஏறாமலே இருக்கிறோம். அன்று இல்லாமையால் செய்த ஏற்பாடு, இன்று விதியாகிச் சட்டத்தின் அட்டவணையில் ஏறி அமர்ந்திருக்கிறது.

நடுநிலைப் பள்ளிக்கும் உயர்நிலைப் பள்ளிக்கும் சமீப காலத்தில் சர்க்கார் நிறையச் செய்திருக்கிறது. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவருக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-இல் வந்தது. கல்லூரி செல்லும் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் 2022-இல் வந்தது. ஆண் பிள்ளைகளுக்கும் 2024-இல் அவ்வாறே வந்தது. யாவும் போற்றத்தக்கவை. ஆனால் இந்தச் சலுகைகள் ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தால் கிடைப்பவை. ஆகவே ஐந்தாம் வகுப்பு வரை கடன்பட்டாவது தனியார் பள்ளி, ஆறாம் வகுப்பில் அரசுப் பள்ளி என்று பெற்றோர் கணக்குப் போடுகிறார்கள். எழுத்தும் எண்ணும் பதிகிற அந்த முதல் ஐந்து வருஷத்தில் அரசுப் பள்ளியில் மிஞ்சுவோர், அந்தக் கடனையும் வாங்க வழியில்லாத வீட்டுப் பிள்ளைகள். பல ஊர்களில் இதற்கு ஜாதியின் முகமும் வந்துவிட்டது. ஊர்த் தெருப் பிள்ளைகள் வேனில் போக, சேரிப் பிள்ளைகள் மட்டும் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் படிக்கும் கிராமங்களைப் பெயர் சொல்லி என்னால் காட்ட முடியும். அந்தப் பள்ளியின் கூரை ஒழுகினாலும், ஆசிரியர் பணியிடம் ஒரு வருஷம் காலியாகக் கிடந்தாலும், ஊர்ப் பெரியவர் யாரும் கலெக்டர் அலுவலகப் படியேறுவதில்லை; தங்கள் பிள்ளை அங்கே இல்லை. 1966-இல் கோத்தாரி கமிஷன், அந்தந்த வட்டாரத்துப் பிள்ளைகள் எல்லாரும் ஒரே அண்மைப் பள்ளியில் படிக்கும் பொதுப் பள்ளி முறை வேண்டும் என்று வற்புறுத்தியதன் உட்கருத்து இதுதான்.

ஆகவே நான் வேண்டுவது ஒன்று. 30 பிள்ளைகளுக்கு மேல் உள்ள ஒவ்வொரு அரசுத் தொடக்கப் பள்ளிக்கும், விகிதக் கணக்கைப் பார்க்காமல், ஐந்து வகுப்புக்கு ஐந்து ஆசிரியரும் மழலையர் வகுப்புக்கு ஓர் ஆசிரியரும் நியமிக்கப்பட வேண்டும். மத்தியச் சட்டத்தின் அட்டவணை குறைந்தபட்ச அளவையே விதிக்கிறது. அதற்கு மேல் கொடுக்க எந்த மாநிலத்துக்கும் தடை கிடையாது. எல்லா ஊருக்கும் ஒரே ஆண்டில் முடியாது என்றால், சேர்க்கை வேகமாகக் குறைந்துவரும் ஒன்றியங்களிலிருந்து தொடங்கலாம். பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளே உள்ள பள்ளிகளில் ஐவரை அமர்த்துவது அசாத்தியம் என்பதையும் நான் ஒப்புக்கொள்கிறேன். அத்தகைய இரண்டு மூன்று ஊர்களுக்கு நடுவே நல்ல பள்ளி ஒன்றை அமைத்து, சர்க்காரே வேன் விடலாம். ஆனால் பெற்றோர் கூடிச் சம்மதித்த பிறகே, வேன் ஓடத் தொடங்கிய பிறகே, பழைய பள்ளியின் பூட்டைப் பற்றிப் பேச வேண்டும். மலைக்கிராமங்களில் அதுவும் கூடாது.

செலவு பெரிதுதான். தேசிய வருமானத்தில் 6 சதவீதம் கல்விக்கு என்று கோத்தாரி கமிஷன் சொன்னதை எல்லாக் கட்சிகளும் தேர்தலுக்குத் தேர்தல் எழுதிவைக்கின்றன. அறுபது ஆண்டாகியும் தேசம் அந்த அளவை எட்டவில்லை. மத்திய சர்க்காரிடம் மாநிலம் கேட்கும் நிலுவை கிடைக்கிற நாளில், அதன் ஒரு பங்கை ஆசிரியர் நியமனத்துக்கென்றே தனியே ஒதுக்குவதாக இன்றே அறிவிக்கலாம். வழக்கு முடியும் வரை காத்திராமல் தன் வருவாயிலிருந்தே தொடங்கவும் மாநிலத்துக்குச் சக்தி உண்டு.

முறையையும் மாற்ற வேண்டும். ஆகஸ்ட் மாதத்தில் பிள்ளைகளை எண்ணிப் பார்த்து ஆசிரியரைக் குறைப்பதை மூன்று ஆண்டுகளுக்கேனும் நிறுத்தி வைத்து, அந்த மூன்று ஆண்டுகளும் ஆசிரியர் அங்கேயே இருப்பார் என்ற உறுதியைப் பெற்றோருக்கு எழுத்து மூலமாகத் தர வேண்டும். அரசுப் பள்ளிகளில் இப்போது மார்ச் மாதமே சேர்க்கை தொடங்கி, ஆசிரியர்கள் துண்டுப் பிரசுரமும் பதாகையுமாக வீடு வீடாகப் போகிறார்கள். நியமன உத்தரவு அதற்கு முன்பே, பிப்ரவரியில், வெளிவர வேண்டும். எந்த வகுப்புக்கு எந்த ஆசிரியர் என்ற பட்டியலை ஒவ்வொரு பள்ளியின் வாசலிலும் ஒட்டி, ஆசிரியர்கள் அந்தப் பட்டியலோடு பெற்றோரிடம் போக வேண்டும்.